ஹட்சன் எங்கும் ஓடவில்லை

ஹட்சன் தாபி எங்கள் அலுவலகத்துக்குள் வந்தபோது அவர் சட்டையிலும் பூட்ஸிலும் செம்மண் அப்படியே இருந்தது. கிழங்கு வயலிலிருந்து நேராக வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்பு மேசையில் இருந்த என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"அக்கா, நான் ஓடிப்போயிட்டேன்னு இங்கதான் எழுதுனாங்களாமே. யாரு எழுதுனதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஹட்சனை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவிலிருந்து ஆட்களை அழைத்துவந்து, இங்கே ஆஸ்திரேலியாவில் பண்டபெர்க் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் வேலைக்கு வைப்பதுதான் எங்கள் நிறுவனத்தின் தொழில். தொடங்கிய காலத்திலேயே வந்தவர்களில் அவர் ஒருவர். அம்பாய் தீவுக்காரர். ரே ஃபென்னெக்கின் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பண்ணையில் இருந்த வனுவாட்டு ஆட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஜெபம் நடத்துவதும் அவர்தான். அவர் ஓடிப்போனார் என்பது, ஊர் நடுவில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி ஓடிப்போனது என்பதைப் போல.

"என்ன ஆச்சு ஹட்சன், உக்காருங்க" என்றேன்.

அவர் உட்காரவில்லை. "என் பொண்டாட்டி ரோஸ்லின் ஃபோன் பண்ணுனா. எங்க ஊருல ஆள் எடுக்கற முகவருக்கு இங்கேருந்து சேதி போயிருக்கு. ஹட்சன் வேலையை விட்டுத் தலைமறைவாயிட்டான்னு. அவன் அதை ஞாயித்துக்கிழமை சபை முடிஞ்சதும் எல்லாரு முன்னாடியும் படிச்சிட்டான். அவ அண்ணன் வந்து அவளையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிட்டான். எங்க அப்பா பன்றியும் பாயும் குடுத்து ஊருக்கு மன்னிப்புக் கேட்டிருக்கார். அடுத்த வருஷம் எங்க ஊர்லேருந்து ஒருத்தரையும் எடுக்க மாட்டாங்கன்னு பேச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "நான் ஃபென்னெக் வயல்ல கிழங்குக்கொடி நட்டுக்கிட்டு இருக்கேன் அக்கா. குனிஞ்சது நிமிரல."

நான் அவரை உள்ளே ரொவீனாவின் மேசைக்கு அழைத்துப்போனேன்.

ரொவீனா வில்லிதான் எங்கள் இணையதளத்தை எழுதியவள். வேறு நிரலாளர் கிடையாது. இந்த ஊரிலேயே பிறந்தவள். அவளுடைய பூட்டனை இதே தீவுகளிலிருந்துதான் கரும்பு வெட்டக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டால் சொல்லமாட்டாள். தீவு ஆட்களில் பெரியவர்கள் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அவர்களை அண்ணே என்பாள். பாதி நேரம் அவர்களுடைய பிஸ்லாமா மொழியிலேயே திட்டுவாள்.

ஹட்சன் சொன்னதை நின்றபடியே கேட்டாள். பிறகு தன் நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டு, தான் நின்றுகொண்டே கணினியைத் திறந்தாள். திரையில் அவர் பெயர் வந்தது. பக்கத்தில் சிவப்பில்: தலைமறைவு. இன்னும் கொஞ்சம் கீழே போனாள். அதே பெயர், அதே பிறந்தநாள், அதே பண்ணை. பக்கத்தில் பச்சையில்: புதியவர்.

ஹட்சன் முன்னால் குனிந்து பார்த்தார். "அப்ப நான் ரெண்டு ஆளா?"

"அப்படித்தான் அண்ணே இது நெனைச்சிருக்கு."

"ஒருத்தன் ஓடிட்டான், ஒருத்தன் புதுசா வந்து சேந்திருக்கான். ரெண்டு பேருக்கும் இதே முட்டிவலி இருக்குமா?"

ரொவீனா சிரிக்கவில்லை. அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். ஒவ்வொரு வாரமும் பண்ணைக்காரர்கள் தங்களிடம் வேலையில் இருப்பவர்கள் யார் யார் என்று எங்கள் தளத்தில் ஏற்றுவார்கள். ரொவீனாவின் நிரல் அதைப் போன வாரத்துப் பதிவுகளோடு ஒப்பிடும். இரண்டிலும் இருப்பவர் பழைய ஆள். புதிதில் மட்டும் இருப்பவர் புது ஆள். பழையதில் இருந்து புதிதில் காணாமல் போனவர், போன ஆள். பெயர்களை ஆளுக்கு ஆள் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள் என்பதால், யார் யார் என்பதை அவரவர் பதிவு எண்ணை வைத்துத்தான் நிரல் கண்டுபிடிக்கும். தொடக்கத்தில் வந்தவர்களின் எண்கள் பூச்சியத்தில் ஆரம்பிக்கும். ஃபென்னெக்கின் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண் அந்தக் கோப்பைத் தன் கணினியில் ஒருமுறை திறந்து மூடியிருக்கிறாள். எண்ணுக்கு முன்னால் வரும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை என்று அந்தக் கணினி அதையெல்லாம் தின்றுவிட்டது. பூச்சியம் போனதும் ஹட்சனின் எண் வேறு எண் ஆகிவிட்டது. பழைய எண்ணைக் காணவில்லை, ஆகவே ஒருவன் போய்விட்டான். புது எண் ஒன்று வந்திருக்கிறது, ஆகவே ஒருவன் வந்திருக்கிறான். நிரலுக்கு அவ்வளவுதான் தெரியும்.

"அப்ப இது ரொம்ப நாளா இருக்கற ஆளுங்களைத்தான் புடிச்சிருக்கு" என்றேன்.

"ஆமா. இருக்கறதுலயே விசுவாசமா இருந்தவங்களைப் பொறுக்கி எடுத்து ஓடிப்போனவங்கன்னு எழுதியிருக்கு."

இதில் ரொவீனாவின் கோபத்துக்கு இன்னொரு காரணம் இருந்தது. எனக்கு அது தெரியும், ஏனென்றால் அந்தச் சண்டை என் மேசைக்கு முன்னால்தான் நடந்தது. அவள் முதலில் எழுதியபடி, காணாமல் போனவர் யாராக இருந்தாலும் அவர் பெயர் தளத்தில் ஓர் ஓரமாகக் காத்திருக்கும். நான் பண்ணைக்குத் தொலைபேசியில் கேட்டு, ஆள் உண்மையிலேயே இல்லை என்று உறுதியான பிறகுதான் எதுவும் வெளியே போகும். "பட்டியலில் இல்லை" என்றுதான் அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். எங்கள் மேலாளர் டேரில் ஹாஸ்லமுக்கு அது பிடிக்கவில்லை. பண்ணைக்காரர்கள் எங்கள் தொலைபேசித் தொல்லையைப் பற்றிக் குறை சொல்கிறார்கள், சேதி உடனே போகவேண்டும், அப்போதுதான் நாம் கறாரான நிறுவனம் என்று தெரியும் என்றார். இந்த வேலைப் பருவம் தொடங்கும் முன் அந்தக் காத்திருப்பை எடுக்கவைத்தார். பெயரையும் தலைமறைவு என்று மாற்றவைத்தார். "ஒருத்தரு பேரு இல்லைன்னா அது நமக்குத் தெரியாத விஷயம்னுதான் அர்த்தம், ஓடிட்டான்னு அர்த்தம் இல்ல" என்று அவள் அன்று சொன்னதை இந்த மேசையில் இருந்து நானே கேட்டேன். டேரில் அப்போது கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சத்தம் கேட்டு அவரே தன் அறையிலிருந்து வெளியே வந்தார். ஹட்சனின் தோளில் தட்டினார்.

"என்ன நண்பா, சின்னக் கோளாறாம். அஞ்சு நிமிஷத்துல சரிபண்ணிடலாம். ரோ, அவரைத் திரும்பி வந்துட்டார்னு மாத்திடு."

"அவர் திரும்பி வரல" என்றாள் ரொவீனா.

"இதோ நிக்கிறாரே."

"போனாத்தான் டேரில் திரும்பி வரமுடியும். அவர் எங்கயும் போகல."

"இதுல பழைய ஆளுக்கு மூணே மூணுதான் இருக்கு. வேலையில் இருக்கார், தலைமறைவு, திரும்பிட்டார். தலைமறைவு ஆனவரை அடுத்து அதுக்குத்தான் மாத்தமுடியும். நீதானே கட்டுன?"

"நான் கட்டுனதுல தலைமறைவுன்னு ஒண்ணே கிடையாது. அது நீ சேக்கச் சொன்னது."

டேரில் சிரித்தபடி ஹட்சனைப் பார்த்தார், அவர் தன் பக்கம் வருவார் என்பதுபோல. ஹட்சன் தொப்பியின் ஓரத்தை விரல்களால் சுற்றிக்கொண்டே பேசினார்.

"ஐயா, திரும்பி வந்தேன்னு நீங்க எழுதுனா, நான் போனேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எங்க போனேன்னு ரோஸ்லின் கேப்பா. யாரு கூடப் போனேன்னு அவ அண்ணன் கேப்பான். நான் என்ன பதில் சொல்றது? கம்ப்யூட்டர் கூடப் போனேன்னா?"

"அதெல்லாம் நான் முகவர்கிட்டப் பேசிக்கறேன்."

"என்னன்னு பேசுவீங்க?"

"சிஸ்டத்துல ஒரு சின்னக் கோளாறுன்னு."

ஹட்சன் தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்டு அல்ல. பிறகு ரொவீனாவின் பக்கம் திரும்பி, "தங்கச்சி, ஜிம்மிசன் பேரும் இதுல இருக்கா பாரு" என்றார்.

இருந்தது. சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று.

ஜிம்மிசன் காராய் ஹட்சனோடு அதே விடுதியில் தங்கியிருந்தவன். பேச்சே இல்லாத ஆள். அவர்கள் ஊர்க் காவாச் சாற்றைக் கூடிக் குடிக்கும் இடத்தில்கூட ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பானாம். எங்கள் தளம் அனுப்பும் சேதி முகவருக்கு மட்டும் போவதில்லை, சம்பந்தப்பட்டவனின் கைப்பேசிக்கும் ஒரு பிரதி போகும். ஹட்சன் தன் கைப்பேசியை ஜெபத்துக்கும் மனைவிக்கும் தவிர வேறு எதற்கும் தொடுவதில்லை, அதனால் பார்க்கவில்லை. ஜிம்மிசன் பார்த்துவிட்டான். நீ தலைமறைவாக அறிவிக்கப்பட்டிருக்கிறாய், உன் விசா பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்படும் என்று அதில் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்திருக்க வேண்டும்.

"திங்கக்கிழமை காலைல பாத்தா படுக்கை காலியாக் கிடக்கு" என்றார் ஹட்சன். "பெட்டியும் இல்ல. மெல்போர்ன் பக்கம் போற பஸ்ஸுல ஏறுனதா ஒருத்தன் சொன்னான். எதுக்குடா ஓடுனான்னு நாங்க தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தோம். இப்பத்தான் புரியுது."

வெளியே கரும்பு ஏற்றிய லாரி ஒன்று ஆலையைப் பார்த்துப் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

டேரில்தான் முதலில் வாயைத் திறந்தார். "சரி. வருத்தமான விஷயம்தான். ஆனா, இதை நான் சொல்லித்தான் ஆகணும், அவன் விஷயத்துல சிஸ்டம் சரியாத்தானே சொல்லியிருக்கு? ஓடிட்டான்தானே?"

ரொவீனா கையிலிருந்த காபிக் கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் கைப்பிடி மட்டும் அவள் விரலில் மிஞ்சியது. காபி விசைப்பலகையின் மேல் ஓடியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

"ரோ, கோவப்படாத, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"ஓடாதவனைப் பாத்து நீ ஓடிட்டேன்னு சொன்னோம். அவன் பயந்து ஓடுனான். இப்ப அவன் ஓடுனதை வெச்சு நாம சொன்னது சரிங்கற. அடுத்து யாரு வீட்டுக்குத் தீ வெக்கப் போற, நெருப்பு இருக்குன்னு முன்னாடியே சொன்னேன்னு பெருமைப்பட?"

"குரலைக் கொஞ்சம் இறக்கு."

"இறக்கமாட்டேன். இவ்வளவு நாள் இறக்கித்தான் பேசுனேன். ஒரே வாரத்துல பல பேரு ஓடுனதாவும், அதே பேருல அத்தனை பேரு புதுசா வந்ததாவும் பட்டியல் காட்டுனா, அதைப் பாத்த உடனே நிறுத்துற மாதிரி வெக்கிறேன்னு கேட்டேன். நேரம் இல்லைன்ன. ஃபோன் பண்ணிக் கேக்கறதுக்கும் நேரம் இல்லைன்ன. ஒரு மனுஷனோட பேரைக் கெடுக்கறதுக்கு மட்டும் நொடியில நேரம் இருக்கு."

டேரிலின் கழுத்து சிவந்தது. "இது நிறுவனத்தோட பேரும் சம்பந்தப்பட்டது. நான் யோசிச்சு ஒரு வாசகம் எழுதறேன். அதுவரைக்கும் இங்கேருந்து எதுவும் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரொவீனா வேறொரு விசைப்பலகையை எடுத்துச் செருகினாள். பருவம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வாரத்துப் பதிவையும் அதற்கு முந்தைய வாரத்தோடு மறுபடி ஒப்பிட்டாள். இந்த முறை எண்ணை மட்டும் நம்பவில்லை. கடவுச்சீட்டு, பிறந்தநாள், பெயர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, போனவர் பக்கத்திலும் வந்தவர் பக்கத்திலும் ஒரே ஆளாக இருப்பவர்களைப் பிரித்தெடுத்தாள். ஃபென்னெக்கின் பண்ணை மட்டுமில்லை, இன்னும் இரண்டு பண்ணைகளிலும் இதே கதை. பெயர் பெயராக வரவர ஹட்சன் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தார். இவன் என் மச்சான். இவன் மேவோ தீவுக்காரன், நல்லாப் பாடுவான். இவன் தங்கச்சிக்கு அடுத்த மாசம் கல்யாணம், ஐயோ, இவனையுமா.

பிறகு இருவரும் சேர்ந்து ஒரு சேதி எழுதினார்கள். முதலில் ரொவீனா எழுதியதில் நிரல், கோப்பு, எண் என்றெல்லாம் இருந்தது. "இதை எங்க ஊர்ல படிச்சா மறுபடியும் நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனைப்பாங்க" என்றார் ஹட்சன். கடைசியில் பிஸ்லாமாவில் நாலு வரிதான். இவர் ஓடவில்லை. ஒருநாளும் வேலையை விட்டுப் போகவில்லை. தவறு எங்களுடையது. இதையும் அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் படியுங்கள்.

சேதிகள் வெளியே போவது என் மேசையிலிருந்துதான். ரொவீனா வந்து நின்றாள். "உனக்கு வேலை போனாலும் போகும்" என்றாள்.

"போனா வீட்டுல இருக்கேன்" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. முதல் சேதிகளும் என் மேசையைத் தாண்டித்தான் போயின, என்னை ஒரு வார்த்தை கேட்காமலே.

மறுநாள் காலை ஃபென்னெக்கின் வயலில் யாரும் குனியவில்லை. ஹட்சனின் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள், வண்டியிலிருந்து இறங்கினார்கள், வரிசையின் முனையில் கிழங்குப் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "நாங்கதான் இங்க இல்லையே, ஓடிட்டோமே" என்றாராம் ஹட்சன். ரே ஃபென்னெக் முதலில் அவர்களிடம்தான் கத்தியிருக்கிறார். விஷயம் புரிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு, ஹட்சனையும் ஏற்றிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கதவைத் தட்டவில்லை.

"டேரில், என் ஆஃபீஸ்ல ஒரு பொண்ணு கோப்பைத் திறந்து மூடுனா. அதுக்கு இவர் குடும்பம் பிரியணுமா? எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருந்தா, இதோ கண்ணு முன்னாடி நிக்கிறார்னு சொல்லியிருப்பேனே."

"உங்களுக்கு ஃபோன் தொல்லைன்னுதான் ரே..."

"நான் சொன்னது வேற பண்ணைக்காரனைப் பத்தி விசாரிக்க என்னைக் கூப்பிடாதேன்னு. இவருக்காக நீ ராத்திரி கூப்பிட்டாலும் எடுப்பேன். இப்பவே அவங்க ஊருக்கு ஃபோனைப் போடு. உன் வாயால சொல்லு."

டேரில் போட்டார். எல்லாரும் கேட்கும்படி வைக்கச் சொன்னார் ஃபென்னெக். அந்தப் பக்கம் முகவர். பக்கத்தில் ரோஸ்லினின் அண்ணன் இருப்பதாகச் சொன்னார். ரொவீனா மொழிபெயர்த்தாள். டேரில் சிஸ்டத்தில் கோளாறு என்று தொடங்கினார்.

முகவர் கேட்டார், "யாரு கோளாறு?"

"சிஸ்டம்."

"அவர் அங்க இருக்காரா? அவரைப் பேசச் சொல்லுங்க."

ஃபென்னெக் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரொவீனா திரும்பவில்லை. டேரிலையே பார்த்தபடி மொழிபெயர்ப்பை நிறுத்தினாள். "இதை எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியல. வேற வார்த்தை சொல்லு."

டேரில் தண்ணீர் குடித்தார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் தப்புப் பண்ணிட்டேன். ஹட்சன் எங்கயும் போகல" என்றார். ரொவீனா அதை மொழிபெயர்த்தாள், ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல்.

அந்தப் பக்கம் கைப்பேசி கை மாறியது. பிறகு ஓர் ஆண் குரல் ஹட்சனை மட்டும் கூப்பிட்டது. மச்சான். ஹட்சன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடி வழியே பார்த்தேன். வாகனம் நிறுத்துமிடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரோஸ்லின் பிள்ளைகளோடு வீடு திரும்பினாள். நாங்கள் எழுதிய நாலு வரியையும் முகவர் சபையில் படித்தார். கொடுத்த பன்றியை யாரும் திருப்பித் தரவில்லை, அது ஏற்கெனவே வெந்துவிட்டிருந்தது. பருவம் முடிந்ததும் ஹட்சன் ஊருக்குப் போனார். ஃபென்னெக் எவ்வளவு கேட்டும் அடுத்த வருஷம் வரவில்லை. கோபமா என்று கேட்டதற்கு, "கோவம் இல்ல. என் பேரை இன்னொருத்தர் கையில குடுத்துட்டு இனிமே தூங்க முடியாது" என்றாராம்.

ரொவீனா தளத்தைத் திருத்தினாள். எண்கள் பூச்சியத்தோடு எழுத்தாகவே நிற்கும்படி செய்தாள். காத்திருப்பைத் திரும்ப வைத்தாள். ஒரே நேரத்தில் போகிறவர்களும் வருகிறவர்களும் கூடினால் எல்லாமே நிற்கும். தலைமறைவு என்ற சொல்லை, ஒரு மனிதர் கைப்பட எழுதிப் பெயரைப் போட்டாலொழிய யார்மேலும் ஒட்டமுடியாது. டேரில் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவளை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை, வேறு ஆள் இல்லாததால். எல்லாம் முடிந்ததும் அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, வடக்கே மக்காய் நகருக்குப் போய்விட்டாள்.

அவள் போவதற்கு முன் ஒருமுறை ஜிம்மிசன் தொலைபேசியில் கிடைத்தான். ஹட்சன் எங்கெங்கோ கேட்டு எண் வாங்கித் தந்திருந்தார். விக்டோரியா மாநிலத்தில் எவனோ ஓர் ஒப்பந்தக்காரனிடம், கணக்கில் இல்லாத வேலை. மரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை போயிருந்தது, வைத்தியரிடம் போகப் பயம். ரொவீனா பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, நீ ஓடலைன்னு திருத்தி எழுதிட்டோம். தப்பு எங்களோடதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டோம். வந்துரு."

"எந்த நாள் வரைக்கும் ஓடலைன்னு எழுதுனீங்க அக்கா?"

"அந்தச் சேதி போன வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"திங்கக்கிழமை ஓடிட்டேனே. அதை என்ன பண்ணுவீங்க?"

அவள் வக்கீலைப் பற்றிச் சொன்னாள், தானே வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாள். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தான். மறுபடி அந்த எண் எடுக்கவில்லை. அவள் காரில் ஏறி விக்டோரியா வரைக்கும் போய்த் தேடிவிட்டு வெறும் கையோடு வந்தாள்.

பருவத்தின் இறுதி அறிக்கையை என்னைத்தான் தட்டச்சு செய்யச் சொன்னார் டேரில். தலைமறைவானவர் ஒருவர் என்று இருந்த வரியின் கீழே, நம்முடைய பொய்ச் சேதியைப் படித்துப் பயந்து போனவர் என்று நான் சேர்த்தேன். அவர் கோடு போட்டு அடித்தார். மறுபடி சேர்த்தேன். மறுபடி அடித்தார், இந்தமுறை என்னைக் கூப்பிட்டு, "இது உன் வேலை இல்ல" என்றார்.

"அப்ப நீங்களே தட்டச்சு பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தேன்.

மாலையில் அறிக்கை என்னிடம் திரும்பி வந்தது. அந்த வரியை அவர் தன் கையாலேயே, பேனாவால், சின்ன எழுத்தில் திரும்ப எழுதியிருந்தார். பொய் என்ற சொல்லை மட்டும் தவறான என்று மாற்றியிருந்தார். நான் அதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன். இன்றைக்கும் அந்த ஒரு சொல்லை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.